கேமராவைப் பார்க்க வேண்டாம்

ஜனவரி 5, ஞாயிறு

என் பெயர் துரைக்கண்ணு. வயது எழுபத்தொன்று. இதை நானே எழுதினேன்.

மூன்று வரிக்குக் கால் மணி நேரம் ஆனது. காபி ஆறிவிட்டது. பரவாயில்லை.

ஜனவரி 6, திங்கள்

சமூக மன்றத்தில் புதன்தோறும் எங்களுக்கு எழுத்து வகுப்பு. கோமளம் டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்து, தினமும் ஏதாவது எழுதி வரச் சொன்னார்.

"என்ன எழுதுறது டீச்சர்?"

"நேத்து என்ன செஞ்சீங்க ஐயா? அதை எழுதுங்க."

நேற்று நான் ஒரு கல்யாணத்தைப் படம் பிடித்தேன். பிலிப்பினோ கல்யாணம். மாப்பிள்ளை கப்பல் பட்டறையில் வெல்டர், பெண் முதியோர் இல்லத்தில் தாதி. சிங்கப்பூரில் அவர்களைப் போல எத்தனையோ பேர். என் மகள் வசுமதி அவர்கள் கல்யாணங்களைத்தான் அதிகம் எடுக்கிறாள். முதலில் ஒரு தாதி கூப்பிட்டாள். அவள் தங்கையிடம் சொன்னாள். தங்கை தேவாலயத்தில் எல்லோரிடமும் சொன்னாள். இப்போது வசுவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது.

வசு கேமராவைக் கையில் பிடித்து நடந்தபடி எடுப்பாள். என் கேமரா ஸ்டாண்டில் ஒரே இடத்தில் நிற்கும். நானும் நிற்பேன். "சிவப்பு விளக்கு எரியுதான்னு மட்டும் பாத்துக்குங்கப்பா, போதும்." அவள் எனக்குக் கற்றுக் கொடுத்தது அவ்வளவுதான். துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் கண்டெய்னர் கட்டியவனுக்கு நிற்பது ஒரு வேலையா? என் மனைவி சரோஜா போன பிறகு என்னை வீட்டில் தனியே விட மனமில்லாமல் மகள் கூடவே அழைத்துப் போனாள். முதல் கல்யாணத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவதில் நின்றேன். நாலு வருடம் ஆகிறது.

ஜனவரி 7, செவ்வாய்

கை வலித்ததால் நேற்று நிறுத்திவிட்டேன். முக்கியமானதை எழுதவே இல்லை.

பாதிரியார் முன்னால் இருவரும் முழங்காலிட்டதும், வெள்ளைத் துணி ஒன்றைப் பெண்ணின் தலையிலும் மாப்பிள்ளையின் தோளிலும் சேர்த்துப் போர்த்தி ஊசி குத்துவார்கள். அதன் மேல் பூக்கயிறு ஒன்று. இரண்டு வளையமாக முறுக்கியிருக்கும். ஆளுக்கு ஒரு வளையம். அப்போது தேவாலயத்தின் மின்விசிறிக் காற்றில் அந்தத் துணி மெல்ல எழும்பும், மெல்ல இறங்கும். மூச்சு விடுவது போல.

கேமராவின் சின்னத் திரையில் பார்த்தால் அதற்குச் சத்தம் கிடையாது. உலகமே அந்தத் துணியின் அளவுதான். எனக்குக் கால் வலி தெரியாது. நான் எங்கே நிற்கிறேன் என்றும் தெரியாது. யாரோ என்னையும் சேர்த்துப் போர்த்திவிட்டது போல இருக்கும். எத்தனை கல்யாணம் பார்த்தாலும் இப்படித்தான்.

ஜனவரி 8, புதன்

டீச்சர் படித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்களுக்கு இன்னொரு நோட்டு வேண்டியிருக்கும்" என்றார். இரவு சாப்பாடு தேவைப்படவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

பிலிப்பினோ கல்யாணத்தில் ஒரு கஷ்டம் உண்டு. காலையில் எடுத்ததை மதியமே வெட்டி ஒட்டி, விருந்து முடிவதற்குள் திரையில் போட வேண்டும். பெண் அதே கவுனில் உட்கார்ந்து, காலையில் தான் அழுததைப் பார்த்து இன்னொரு முறை அழுவாள். அது இல்லாவிட்டால் விருந்து நிறைவடையாது. அதனால் எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் வசு ஒரு மூலையில் கம்ப்யூட்டரோடு கிடப்பாள்.

அதுவரை மேடையைத் தாங்குவது ரமில். நிகழ்ச்சியை நடத்துகிறவன் அவன்தான். கீபோர்டும் வாசிப்பான். நாற்பது வயது இருக்கும். என்னைத் 'தாத்தாய்' என்பான். அவர்கள் மொழியில் அப்பா. வயதானவர்கள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறான், என்னை மட்டுமில்லை.

படம் தயாராகும்வரை அவன் நேரத்தை இழுக்க வேண்டும். மாப்பிள்ளையின் பெரியப்பாவை இழுத்து வந்து ஆட வைப்பான். எல்லோரையும் கரண்டியால் கண்ணாடிக் குவளையைத் தட்டச் சொல்வான். தட்டினால் பெண்ணும் மாப்பிள்ளையும் முத்தமிட வேண்டும். (முதல் கல்யாணத்தில் நான் தண்ணீர்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து ஜாடியை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனேன்.) ஒவ்வொரு விளையாட்டுக்கு நடுவிலும் ரமில் மூலையைப் பார்ப்பான். வசு தலை நிமிராமல் ஐந்து விரலைக் காட்டினால், இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும் என்று அர்த்தம்.

இன்று மூன்று முறை ஐந்து விரல் காட்டினாள். மூன்றாம் முறை நான் அவள் பின்னால்தான் நின்றேன். படம் ஏற்கெனவே முடிந்திருந்தது. களைப்பில் கவனிக்கவில்லை போலும்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று கல்யாணம் இல்லை, பமமன்ஹிகன். அந்த வார்த்தை என் வாயில் நுழையவே இரண்டு நாள் ஆனது. மாப்பிள்ளை வீட்டார் சாப்பாடு எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து, பெண்ணின் அப்பாவிடம் முறையாகக் கேட்பது. நம் ஊரில் பெண் கேட்டு வருவதுதான். தாம்பூலத் தட்டுக்குப் பதில் நூடல்ஸ்.

ஈசூன் பகுதியில் ஜெனலின் என்ற பெண்ணின் வீடு. அவள் அப்பா இதற்காகவே விமானத்தில் வந்திருந்தார். எதிரே மாப்பிள்ளையின் அம்மா உருக்கமாகப் பேசுகிறார், இவரோ கேமராவையே முறைத்துப் பார்க்கிறார். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுப்பது மாதிரி. நான், "டோன்ட் லுக் கேமரா அங்கிள், லுக் த பீப்பிள்" என்று இரண்டு முறை சொன்னேன். வேலையில் கண்டிப்பு வேண்டும்.

ஜனவரி 24, வெள்ளி

சமையலறையை ஒட்டிய துவைக்கும் இடத்தில் சட்டை துவைத்துக்கொண்டிருந்தேன். வசு சமையலறையில் போனில் ஆங்கிலத்தில் பேசுவது கேட்டது. அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது என்றாள். அது புரியும் அளவுக்கு எனக்கு ஆங்கிலம் தெரியும். பிறகு, "நோ, டோன்ட் வெயிட்" என்றாள்.

யாரோடு பேசினாள் என்று நான் கேட்கவில்லை. காலரில் அழுக்கு போகவில்லை. இன்னொரு முறை தேய்த்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

விருந்து நடுவில் ரமில் மைக்கைப் பிடித்து, தன் வேலை அனுமதி மார்ச் மாதத்தோடு முடிகிறது, பிலிப்பைன்ஸில் சொந்த ஊரான இலோய்லோவுக்கே திரும்பிப் போகிறேன், அம்மா அங்கே தனியாக இருக்கிறார் என்று அறிவித்தான். எல்லோரும் 'ஓ' என்று வருத்தப்பட்டார்கள். உடனே பாட்டியைப் பற்றி ஒரு நகைச்சுவை சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டான்.

இன்றைய படத்தில் ஒரு தவறு. ரமில் மைக்கைச் சோதிக்கும் காட்சி இரண்டு முறை வந்தது. மாப்பிள்ளையே அந்தப் படத்தில் இரண்டு முறைதான் வந்தார். வசு இப்படிச் செய்கிறவள் இல்லை.

திரும்பும்போது ரயிலில் பேசினோம்.

"ரமில் போயிட்டா மேடைக்கு யாரும்மா?"

"யாராச்சும் வருவாங்க."

"நல்ல புள்ள."

"ம்."

"கல்யாணம் ஆயிடுச்சா அவனுக்கு?"

"ஆகலப்பா."

"ஏனாம்?"

அவள் முகத்தைத் திருப்பி வெளியே பார்க்கத் தொடங்கினாள். ரயில் சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. வெளியே பார்க்க ஒன்றுமே இல்லை.

பிப்ரவரி 5, புதன்

டீச்சர் குடும்பம் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னார். எனக்கு ஒரு மகள் என்று எழுதினேன். மற்ற நாலு வரிக்கு நேரம் போதவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வசு வந்து எதிரே நின்றாள்.

"அப்பா, வர்ற ஞாயிறு வேலை எதுவும் எடுத்துக்கல. ரமிலோட அம்மாவும் மாமாவும் நம்ம வீட்டுக்கு வர்றாங்க. இலோய்லோலேருந்து."

"எதுக்கு?"

"பமமன்ஹிகன்."

"ரமிலுக்கா? நல்லதாப் போச்சு. பொண்ணு வீட்டுல எடம் பத்தலையாக்கும்?"

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். "அப்பா..." என்றாள்.

"நம்ம வீட்டுல வெளிச்சம் நல்லா இருக்கும்" என்றேன். கொஞ்சம் வேகமாகவே சொன்னேன். "போன வருசம் அந்த கிறிஸ்டல்ங்கிற கல்யாணப் பொண்ண நம்ம சன்னல் பக்கத்துல நிக்க வச்சுத்தான எடுத்தோம்? பதினோராவது மாடி. கேக்கணுமா? பெரிய கேமராவ நான் பாத்துக்கிறேன், நீ கவலப்படாத."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். "ஆமாப்பா. வெளிச்சம் நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். குளித்துவிட்டு வர ஒரு மணி நேரம் ஆனது.

தண்டுகளையெல்லாம் கிண்ணத்தில் போட்டு, கீரையைக் குப்பையில் போட்டிருக்கிறேன். கண்ணாடியை மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

ரமிலுக்கு வரப்போகிற பெண் நல்ல பெண்ணாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 15, சனி

வேலைகள். பேட்டரி இரண்டையும் சார்ஜ் போட்டேன். லென்ஸைத் துடைத்தேன். சன்னல் திரையைத் துவைத்து மாட்டினேன். சோபாவை இரண்டு அடி தள்ளினேன், அப்போதுதான் முகத்தில் வெளிச்சம் விழும். எதிரே பெண்ணின் அப்பாவுக்கு ஒரு நாற்காலி. முதுகு வலிக்காத நாற்காலியாகப் பார்த்துப் போட்டேன். அதில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டேன். முடி வெட்டிக்கொண்டேன். கேமராக்காரன் சுத்தமாக இருந்தால் வீட்டுக்காரர்களுக்கு மரியாதை.

பிப்ரவரி 16, ஞாயிறு

இதை எழுத நாள் முழுக்க ஆகலாம். ஆகட்டும்.

பத்தரை மணிக்கு வந்தார்கள். நான் ஒன்பதரைக்கே கேமராவுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். முதலில் ரமிலின் அம்மா லூர்தெஸ், கையில் நூடல்ஸ் தட்டு. மெலிந்த அம்மா, சிரிக்கும்போது கண் காணாமல் போய்விடும். பின்னால் மாமா பென், பெரிய ஆள். வாழை இலையில் சுற்றிய பச்சரிசிப் பண்டம் ஒரு கூடை நிறைய வைத்திருந்தார். கடைசியில் ரமில். அன்னாசி நாரில் நெய்த மெல்லிய சட்டை. எத்தனையோ மாப்பிள்ளைகளை அந்தச் சட்டையில் எடுத்திருக்கிறேன். ரமிலை இதுவரை எடுத்ததில்லை. மேடையில் அவ்வளவு பேசுகிறவன் வாசலில் செருப்பைக் கழற்றவே தடுமாறினான்.

லூர்தெஸ் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நான் கேமராவுக்குப் பின்னாலிருந்தே கும்பிட்டேன்.

வசு சரோஜாவின் பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள். வேலை நாளில் சேலை கட்டினால் கால் தடுக்கும் என்பவள்.

மூவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். வசு ஓரத்தில் முக்காலியில். எதிரே அந்த நாற்காலி காலியாக இருந்தது. சின்னத் திரையில் எல்லாம் அழகாக விழுந்திருந்தது. சன்னல் திரை மெல்ல எழும்பி இறங்கியது. லூர்தெஸ் அம்மாவின் நரைமுடியில் வெயில். நூடல்ஸிலிருந்து ஆவி. பெண்ணின் அப்பா இன்னும் வரவில்லை என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லோரும் எதற்கோ காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். கடைசியில் மாமா பென் எழுந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, தொண்டையைச் செருமி, நேராக என் லென்ஸைப் பார்த்து, "சார்..." என்று தொடங்கினார்.

"டோன்ட் லுக் கேமரா, அங்கிள்" என்றேன். "லுக் த ஃபாதர்."

அவர் காலி நாற்காலியைப் பார்த்தார். தங்கை லூர்தெஸைப் பார்த்தார். ரமிலைப் பார்த்தார். மறுபடியும் லென்ஸைப் பார்த்தார்.

"பட் சார்" என்றார், மிகவும் பணிவாக. "யூ ஆர் த ஃபாதர்."

ஒருவரும் சிரிக்கவில்லை. கீழே எங்கோ லாரி ஒன்று பின்னால் வரும் சத்தம் கேட்டது.

"அப்பா, வந்து உக்காருங்கப்பா" என்றாள் வசு.

"பேட்டரி மாத்தணும்" என்று சொல்லிவிட்டு என் அறைக்குள் போனேன்.

கட்டிலில் உட்கார்ந்தேன். பேட்டரி எங்கே வைத்தேன் என்று தேடவில்லை. வசு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"பேட்டரி ஃபுல்லா இருக்குப்பா. காலையில பாத்தேன்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. நீங்க வெளிய வர வேணாம், நானே போய்ச் சொல்லிக்கிறேன். சாப்ட்டுட்டுப் போயிடுவாங்க. தப்பா நெனக்க மாட்டாங்க."

"எத்தன நாளா?"

"மூணு வருசம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

"ஒவ்வொரு கல்யாணத்துலயும் நீங்க பக்கத்துலதானப்பா நின்னீங்க? பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

"எங் கேமரா மேடைப் பக்கம்ல திரும்பி இருந்துச்சு?"

"மேடைலதானப்பா அவரு இருந்தாரு."

கட்டில் விரிப்பை நீவிவிட்டேன்.

"அங்க போயிடுவியா?"

"அவங்கம்மாவுக்கு வேற ஆள் இல்ல. இவருக்கு இனிமே இங்க பர்மிட் இல்ல." அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்பது வயதுப் பெண், ஏழு வயதில் செய்தது போலவே. "நீங்களும் வாங்கப்பா. வரலன்னா நானும் போகல. அவருகிட்டயும் அதத்தான் சொல்லியிருக்கேன். இவங்க கெளம்பி வந்தது அவரு பிடிவாதம். அப்பாகிட்ட முறையா ஒரு தடவ கேட்டுடணும், நீங்க வேணாம்னுட்டா சரின்னு சொல்லிட்டாரு."

"நான் எப்படி வர்றது? புதன்கிழமை எனக்கு வகுப்பு இருக்கு."

"அப்பா, வெளையாடாதீங்க."

"யாரு வெளையாடுறா? எழுவது வயசுல இப்பத்தான் பள்ளிக்கூடம் போறேன். பாதியில நிறுத்தச் சொல்றியா? டீச்சர் ரெண்டாவது நோட்டு வாங்கி வச்சிருக்காங்க."

"தனியா இருப்பீங்களா?"

"தெரியாது" என்றேன். அது உண்மை. "இருந்து பாத்தாத்தான தெரியும்? முடியலன்னா எழுதுறேன். எழுதத்தான் தெரியுமே இப்ப."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். இஸ்திரி போட்ட சட்டை. பரவாயில்லை. "அவங்க நூடல்ஸ் ஆறுது, எந்திரி" என்றேன்.

வெளியே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கேமரா பார்க்கும் இடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பெண்ணை அவ்வளவு சுலபமாகத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. மாமா பென் தாளைப் பார்த்து முழுவதையும் படித்தார். நான் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு கேட்டேன். அவர் முடித்த பிறகும் வெகுநேரம் யோசித்தேன். பெண்ணின் அப்பா என்றால் ஒரு கெத்து வேண்டும். பாவம், ரமிலின் சட்டைக் காலர் நனைந்தேவிட்டது.

பிறகு அவனைப் பார்த்துச் சொன்னேன். "மை டாட்டர், எடிட்டிங் டைம், நோ ஈட். யூ புட் பிளேட், நாட் இனஃப். யூ ஃபீட்."

"ஐ நோ, தாத்தாய்" என்றான் ரமில். கையில் கரண்டி பிடிப்பது போல வைத்து, யாருக்கோ ஊட்டுவது போலக் காட்டினான். "த்ரீ இயர்ஸ், ஐ ஃபீட்."

"எப்போ? நான் பாக்கலையே!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

"நீங்க பாத்ரூம் போறப்பப்பா" என்றாள் வசு.

லூர்தெஸ் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார், அவருக்கு ஒரு சொல் புரிந்திருக்காது. ரமில் என் முன் முழங்காலிட்டு, என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். அவர்கள் வழக்கம் அது. நெற்றி சில்லென்று இருந்தது. "ஓகே" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

நூடல்ஸ் ஆறித்தான் போயிருந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

காலையில் காபி போட்டுக்கொண்டிருந்தபோது வசு கூப்பிட்டாள். "அப்பா, இங்க வாங்க. கேமரா ஓடிக்கிட்டே இருந்திருக்கு."

உண்மைதான். நான் அறைக்குள் போகும்போது அதை நிறுத்தவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இருவரும் பார்த்தோம்.

நாங்கள் உள்ளே இருந்த நேரமெல்லாம் இருக்கிறது. ரமில் எழுந்து என் அறைக் கதவு வரை வருகிறான். தட்டக் கையைத் தூக்குகிறான், தட்டாமல் திரும்புகிறான். லூர்தெஸ் அம்மா காலி நாற்காலியின் மெத்தையைத் தட்டிச் சரிசெய்கிறார். மாமா பென் கூடையிலிருந்து ஒரு பண்டத்தை எடுத்து அவசரமாகத் தின்றுவிட்டு, இலையைச் சட்டைப் பைக்குள் ஒளிக்கிறார். மற்றபடி சன்னல் திரை எழும்புகிறது, இறங்குகிறது. நாற்காலியில் வெயில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கண் சொருகியது. தூக்கம் இல்லை, வேறு ஏதோ.

பிறகு இடது ஓரத்திலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கிழவர் வருகிறார்.

நாலு வருடமாக அத்தனை பேரைப் பிடித்தேன், இவரை மட்டும் பிடித்ததே இல்லை. என் அப்பாவின் நடை. காது இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று தெரியாது.

மாமா பென் எழுந்து தாளை விரிக்கிறார். "சார்" என்கிறார். அந்த ஒரு வார்த்தைதான் சொல்லியிருக்கிறார். கிழவர் தலையாட்டத் தொடங்கிவிட்டார். இன்னும் உட்காரக்கூட இல்லை. நாற்காலியின் கையைப் பிடித்துப் பாதி குனிந்தபடி, கண்ணாடி மூக்கில் வழுக்கும் அளவுக்குத் தலையாட்டுகிறார். மாமா பென் குழப்பத்தோடு தாளைப் பார்க்கிறார். எழுதிக்கொண்டு வந்துவிட்டதால் மேலே படிக்கிறார். அவர் படித்து முடிக்கும்வரை கிழவர் எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டு ஆட்டியபடியே இருக்கிறார்.

"கல்லு மாதிரி மூஞ்சிய வச்சிருந்தேன்னு நேத்து சொன்னீங்களேப்பா" என்றாள் வசு. "எங்க அந்தக் கல்லு?"

"கேமரால ஏதோ கோளாறு. இன்னொரு தடவ போடு."

மறுபடியும் போட்டாள். மறுபடியும், உட்காரும் முன்பே தலையாட்டினேன்.